பந்திக்கு முன்னால் ஒரு கணக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம்ங்க. நான் அவிநாசிப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா போன பிறகு அண்ணன், "யூனிட் போடறேன், லோனுக்கு ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி" என்றார். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ப் போட்டேன். அது பவர் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. அதை வைத்து அண்ணன் அப்பாவின் வீட்டை விற்றுவிட்டார். எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. இருவரும் ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துப் பந்திக்கு அவர் எழுந்து போகிறார். நான் மூன்று வருஷமாகப் போவதில்லை. எல்லோரும் "மன்னிச்சிடும்மா" என்கிறார்கள். வீட்டிலேயே ஜெபித்து, ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் மன்னித்துக்கொண்டால் போதாதுங்களா? சபை எதற்குங்க?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிக்கச் சொன்னவர்கள் ஏழெழுபது தரம் மன்னி என்ற வசனத்தையும் சொல்லியிருப்பார்கள். அது மத்தேயு 18-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம். அதற்குச் சற்று மேலே 15 முதல் 17 வரை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா? குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல். கேட்கவில்லையா, ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லை என்றால் சபைக்குச் சொல். இயேசு சொன்ன வரிசை இது. உங்கள் சபையார் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக உங்களிடம் வந்து மன்னிக்கச் சொல்கிறார்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அடிபட்டவரை வாயடைக்க வைப்பது சுலபம். அண்ணனிடம் போய், "வீடு விற்ற கணக்கைக் காட்டப்பா" என்று கேட்கத்தான் நாலு பேர் வேண்டும். சபை அதற்கும்தான் இருக்கிறது.

இன்னொன்று. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறது. அந்த வசனம் உங்கள் அண்ணனைப் பார்த்துச் சொல்கிறது. தயங்கி நிற்க வேண்டியவர் அவர். நீங்கள் எதற்கு மூன்று வருஷமாகப் பந்தியை விட்டுக்கொடுத்தீர்கள்?

மன்னிப்பதென்றால் பங்கை விட்டுவிடுவது என்றும் நினைக்காதீர்கள். வரி வசூலித்த சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இதைக் கேட்பது பாவமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனியாக மன்னிக்க முடியுமா? சிலரால் முடியும். உங்கள் கடிதத்தைப் படித்தால், தனியாக இருந்துதான் இவ்வளவு களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கப்பர்நகூம் ஊரில், உடம்பு அசையாமல் கிடந்த திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அதில் இல்லை. பாவமன்னிப்பும் சுகமும் அவனுக்குக் கிடைத்தன. உங்களால் மன்னிக்க முடியாத நாட்களில், அந்த ஜெபத்தை உங்களுக்காக இன்னொருத்தர் செய்யட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புறம் பேசாத இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது முதல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், கேட்டுவிட்டு ஜெபித்தால் போதும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பந்தி. கொங்கு நாட்டில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது லேசான காரியமா? டீக்கடையில் தனி டம்ளர் வைத்த மண் இது. சபைக்குள்ளும் சாதி புகுந்துதான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டு அப்பம் வாங்குகிறோமே, அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஈரோட்டில் லண்டன் மிஷன், தாராபுரத்தில் மெதடிஸ்ட் என்று தனித்தனியாக இருந்தவர்கள்தான் இன்று உங்கள் சி.எஸ்.ஐ. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்றுதான் ஒரே சபையாக முடிந்தது. 28 வருஷம். அதில் வீடு பறிபோன வலிகூட இல்லை. உங்களை மூன்றே வருஷத்தில் ஆறிவிடச் சொல்வது நியாயமில்லை.

ஆறாமலே பந்திக்குப் போங்கள். அந்த இரண்டு பேருக்கு நடுவில் முழங்கால் போடுங்கள். பிறகு ஒருநாள் அவர்களோடு அண்ணன் வீட்டுக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். அவர் பிடிகொடுக்கவில்லை என்றால் ஆயரிடம் சொல்லி, கமிட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லையா, திருப்பூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பவர் பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தனியாகப் போகாதீர்கள்.