சூடானால் தூக்காத எக்ஸ்கவேட்டர்: விற்றவர் பொறுப்பா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறேன். பழைய வண்டிகள் வாங்கி விற்கும் யார்டு ஒன்றில், ஐந்து வாரத்துக்கு முன் 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றை 24 லட்சத்துக்கு வாங்கினேன். “பம்ப் போன வருஷம்தான் மாத்தினது, ஃபுல் பவர்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். காலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. இப்போது இரண்டு மணி நேரம் ஓடினால் பூம் (பெரிய கை), ஆர்ம் (முன் கை), ட்ராவல் (வண்டி நகர்வது) எல்லாமே சோர்ந்துவிடுகின்றன. ஆயிலை அழுத்தி இவற்றை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, நாலரை லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். “பழைய வண்டி, பார்த்துத்தானே வாங்கினீங்க” என்கிறார் விற்றவர். வண்டியை நானே ஓட்டுகிறேன், உதவிக்கு ஒரு ஆள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், பம்பைக் கழற்றாதீர்கள். ஹைட்ராலிக் ஆயிலையும் மாற்றாதீர்கள். உங்கள் சாட்சியமே அந்த டேங்கில்தான் இருக்கிறது.

“பார்த்துத்தானே வாங்கினீங்க” என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் முழுதாக இல்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16(2)-இன்படி, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர், விவரம் சொல்லி விற்கும் பொருள் வணிகத் தரத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தேய்ந்த பம்ப், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆயில் சூடாகி இளகியதும் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும். காலை நேரத்து அரை மணி ஓட்டத்தில் இது தெரிய வாய்ப்பே இல்லை. அதாவது இது மறைந்த குறை.

ஆனாலும் பழைய வண்டிக்குப் புது வண்டியின் தரத்தை நீதிமன்றம் எதிர்பார்க்காது. அதனால் பிரிவு 16-ஐவிட அந்த வாட்ஸ்அப் செய்தியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். “பம்ப் மாத்தினது” என்பது வெறும் புகழ்ச்சி அல்ல, உண்மை இது என்று சொன்ன உறுதிமொழி. அது பொய் என்றால் அதே சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 59-இன்படி நஷ்டஈடு கேட்கலாம். தெரிந்தே சொன்ன பொய் என்றால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-இன்படி அது மோசடி. ரசீதில் “உள்ளது உள்ளபடி” என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரிவு 16 பலவீனப்படும். மோசடியை மட்டும் அந்த வாசகம் மூடாது.

வண்டியின் சீரியல் எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் சர்வீஸ் வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். பம்ப் மாற்றிய பதிவு இல்லாமல், “சூட்டில் மெதுவாகிறது” என்ற பழைய புகார் மட்டும் இருந்தால் வழக்கின் போக்கே மாறிவிடும்.

இனி பரிசோதனை. அதற்கு முன் விற்றவருக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்: குறை என்ன, எந்தத் தேதியில் எந்த இடத்தில் சோதனை, அவர் தன் மெக்கானிக்குடன் வரலாம், வராவிட்டாலும் சோதனை நடக்கும். ஏழு நாள் அவகாசம் போதும். வராமல் போனால் அதுவே அவருக்கு எதிராக நிற்கும்.

அன்று ஆயிலை 50 டிகிரி வரை சூடாக்கி, பூமைக் கடைசிவரை தூக்கி லிவரைப் பிடித்தபடி கேஜில் பிரஷர் பாருங்கள். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் மெயின் ரிலீஃப் (வால்வு அனுமதிக்கும் உச்ச அழுத்தம்) சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோவை ஒட்டியும், பைலட் பிரஷர் (லிவரின் கட்டளையை வால்வுகளுக்குக் கொண்டுபோகும் சிறு அழுத்தம்) 40 கிலோவை ஒட்டியும் இருக்கும். உங்கள் மாடலின் மேனுவல் சொல்வதே இறுதி. லோடில் இன்ஜின் ஆர்பிஎம் விழுந்தால் பம்புக்கு முன் டீசல் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். பைலட் குறைந்திருந்தால் பம்ப் நல்லதாக இருந்தும் எல்லா இயக்கமும் சோரும். சக்ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்புக்குள் ஆயில் போகும் வழியில் உள்ள சல்லடை) அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில ஆயிரத்தில் தீரும் குறைக்கு நாலரை லட்சம் கேட்டால் வழக்கு அங்கேயே விழும். பம்பின் ட்ரெய்ன் லைனில் (உள்ளே கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் குழாய்) நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று குளிரிலும் சூட்டிலும் அளந்து எழுதுங்கள். சூட்டில் அது மேனுவல் வரம்பைத் தாண்டி ஓடினால் பம்ப் தேய்ந்ததற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

ஆயிலை மூன்று சுத்தமான பாட்டில்களில் எடுத்து, சீல் வைத்து, இரு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு. செம்பும் இரும்பும் எவ்வளவு, ஆயிலின் கெட்டித்தன்மை என்ன என்று கேளுங்கள். தேய்ந்த பம்பை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பது இந்தத் தொழிலில் நடக்கும் வேலை, கெட்டித்தன்மை அளவில் அது தெரிந்துவிடும். ரிட்டர்ன் ஃபில்டரை அறுத்துப் பித்தளைத் துகள்களைப் படமெடுங்கள். ரிலீஃப் வால்வின் லாக் நட்டில், அழுத்தத்தைத் திருகி மாற்றியதைக் காட்டும் புது ஸ்பானர் தடம் இருந்தால் அதையும். இதன்பின் பழுது பாருங்கள். ஒரு வருடம் சும்மா நிறுத்திவிட்டு மொத்த வாடகை இழப்பையும் கேட்க முடியாது. பழைய பம்ப் உதிரிகளைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கே போவது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்தை விலக்குகிறது. சுயதொழிலில் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவரை விலக்கவில்லை. தானே ஓட்டுபவர் உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 24 லட்சத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய், காலவரம்பு இரண்டு ஆண்டு. இரண்டாவது வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வழி சிக்கலாகும். அப்போது வணிக நீதிமன்றம்தான். அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, அங்கு வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம்.

ஐந்து வாரம் ஓட்டிவிட்டதால், மோசடி நிரூபணமானால் ஒழிய, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவது கடினம். பழுதுச் செலவு, சோதனைச் செலவு, வேலை நின்ற நாட்களின் நியாயமான இழப்பு, இவற்றைக் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் சோதனை வீடியோவையும் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழையும் சேருங்கள். அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.