எரர் வரவில்லை, பெயரும் மாறவில்லை

பைதான் நிரல்மொழி: கேள்வி – பதில்

கேள்வி: மேடம், அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை உறைகளில் ஒட்டும் பெயர்ப் பட்டியலைப் பைதானில் சரிசெய்கிறேன். "குமார்" என்பது ஓரிடத்தில் "குமர்" என்று இருக்கிறது. பெயர்[2] = "மா" என்று எழுதினால் டைப்எரர். சரியென்று பெயர்.ரிப்ளேஸ்("ம", "மா") போட்டேன். எரர் வரவில்லை, ஆனால் பிரிண்ட் கொடுத்தால் பழைய "குமர்"தான் வருகிறது. எங்கே கோளாறு?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பைதானில் ஒரு ஸ்ட்ரிங் (மேற்கோள்குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) உருவாகிவிட்டால், அதற்குப் பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ரிப்ளேஸ் உங்கள் ஸ்ட்ரிங்கைத் தொடவே இல்லை. திருத்திய பெயரைப் புதிதாக ஒரு ஸ்ட்ரிங்காகச் செய்து கொடுத்தது, நீங்கள் அதை வாங்கி வைக்கவில்லை. பெயர் = பெயர்.ரிப்ளேஸ்(...) என்று எழுதினால் வேலை முடிந்தது. (ரிப்ளேஸ் போன்ற மெத்தட் பெயர்களை வழக்கம்போல் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். "பெயர்" போன்ற வேரியபிளைத் தமிழிலேயே வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்.) ஸ்ட்ரிப், அப்பர், லோயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். லிஸ்டில் பழகியவர்களுக்குத்தான் இது குழப்பும். அங்கே வரிசைப்படுத்த சார்ட் போட்டால் அதே லிஸ்ட் மாறிவிடும், விடையை வாங்கி வைக்கப்போனால் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் வெறும் 'நன்'தான் கிடைக்கும். ஸ்ட்ரிங்கில் எல்லாமே இதற்கு நேர்மாறு.

ஆனால் உங்கள் ரிப்ளேஸ் வரியை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். பட்டியலில் "முத்துக்குமர்" என்று ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? "மு" என்பது பைதானுக்கு இரண்டு துண்டு: ம, பிறகு உகரக் குறி. அந்த "ம"வும் "மா" ஆகிவிடும். காலும் உகரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, படிக்கவே முடியாத ஒன்று உறையில் அச்சாகும். முழுச் சொல்லாகக் கொடுங்கள்: "குமர்" போய் "குமார்" வரட்டும். "குமரன்" என்று வேறொருவர் இருந்தாலும் பயமில்லை. "குமர்" என்பதில் ரகரத்தை அடுத்துப் புள்ளி வருகிறது, "குமரன்" என்பதில் அந்த இடத்தில் னகரம். அதனால் அது பொருந்தாது. சோம்பல்பட்டு "கும" என்பதை "குமா" என்று மாற்றினால் மட்டும் குமரன் குமாரனாகிவிடுவார். பத்திரிகையில் பெயர் தப்பாக விழுந்தால் அந்த வீட்டில் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள், அச்சகக்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

இடத்தைக் குறிவைத்துத்தான் மாற்றவேண்டும் என்றால் வெட்டி ஒட்டுங்கள்: பெயர் = பெயர்[:2] + "மா" + பெயர்[3:]. மாற்றுவதற்கு முன் லென்(பெயர்) போட்டு நீளத்தைப் பாருங்கள். நம் கண்ணுக்குக் கு, ம, ர் என மூன்று எழுத்து, பைதான் 5 என்று சொல்லும். க, உகரக் குறி, ம, ர, புள்ளி என்று ஐந்து கட்டங்கள் (பைதான் 0-விலிருந்து எண்ணும், அதனால் [2] என்பது ம). "மா" வைக்க இரண்டு கட்டம் வேண்டும். அதனால் பெயர்[2] = "மா" என்பதைப் பைதான் அனுமதித்திருந்தாலும், இருக்கிற ஒரு கட்டத்துக்குள் அது அடங்கியிருக்காது. "மாற்றவே விடாத ஸ்ட்ரிங் எதற்கு?" என்று கோபப்படுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். தமிழில் ஒரு கட்டத்தை எடுத்து இன்னொரு கட்டத்தை வைப்பது பெரும்பாலும் நாம் நினைக்கும் எழுத்துமாற்றமே இல்லை.

மாற்ற விடாததற்கு வேறு காரணங்களும் உண்டு. டிக்ஷனரியில் பெயரைச் சாவியாக வைத்து போன் நம்பரைச் சேமிக்கிறீர்கள். அந்தப் பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்துத்தான் பைதான் இடம் ஒதுக்குகிறது. சேமித்த பிறகு சாவியின் எழுத்து மாறினால் நம்பர் உள்ளேயே கிடக்கும், தேடினால் அகப்படாது. இன்னொன்று, 2012-இல் வந்த பைதான் 3.3 முதல் ஒரே ஸ்ட்ரிங்கின் எல்லாக் கட்டங்களும் ஒரே அகலம்: ஆங்கிலம் மட்டும் என்றால் கட்டத்துக்கு 1 பைட், தமிழ் வந்தால் 2, இமோஜி ஒன்றே ஒன்று நுழைந்தாலும் அத்தனை கட்டத்துக்கும் 4. எழுத்தை இருந்த இடத்திலேயே மாற்றப்போனால் சில சமயம் மொத்தத்தையும் புதிதாகக் கட்டவேண்டித்தான் வரும்.

கேள்வி: பெயருக்கு முன்னால் உள்ள "திரு. " என்பதை எல்ஸ்ட்ரிப்("திரு. ") போட்டு எடுத்தேன். "குமார்" சரியாக வந்தது. "திரு. தங்கராசு" மட்டும் "ங்கராசு" ஆகிவிட்டது! ஃபான்ட் பிரச்சினையா?
— பாலிடெக்னிக் மாணவி, நாமக்கல்

பதில்: ஃபான்ட்டைக் குறை சொல்லாதீர்கள். எல்ஸ்ட்ரிப் சொல்லைப் பார்ப்பதில்லை. நீங்கள் கொடுத்ததைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து (த, இகரக் குறி, ர, உகரக் குறி, முற்றுப்புள்ளி, இடைவெளி) இவற்றில் எது எதிரே வந்தாலும் இடப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டே போகும். தங்கராசுவின் "த" போனது அப்படித்தான். "திரு. ரவி" வெறும் "வி" ஆவார். "திரு. திருமலை" வெறும் "மலை", அதுதான் இதில் ஆபத்து. "மலை" ஒழுங்கான சொல், பட்டியலைக் கண்ணால் ஓட்டினாலும் பிடிபடாது. 2020-இல் வந்த பைதான் 3.9-இல் ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் என்ற மெத்தட் இருக்கிறது. பெயர் = பெயர்.ரிமூவ்ப்ரிஃபிக்ஸ்("திரு. ") என்று எழுதினால் முன்னொட்டு முழுசாகப் பொருந்தினால் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, வெட்டும். "திருமதி." என்று தொடங்குவதைத் தொடாது. கல்லூரி லேபில் பழைய வெர்ஷன் என்றால் "திரு. " என்றுதான் தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித் போட்டுச் சோதித்துவிட்டு பெயர்[6:] என்று வெட்டுங்கள். புள்ளியும் இடைவெளியும் சேர்த்து "திரு. " ஆறு கட்டம்.

கேள்வி: ஒரு லட்சம் வரிகளை += போட்டு ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்க்கிறேன், வேகமாகத்தான் ஓடுகிறது. ஆபீஸில் சீனியர் அண்ணன் ஜாயின்தான் போடணும் என்கிறார். ஏன்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். ஸ்ட்ரிங் மாறாது என்பதால், விதிப்படி ஒவ்வொரு +=க்கும் அதுவரை சேர்ந்த அத்தனையையும் புது இடத்துக்கு நகலெடுக்கவேண்டும். வரி கூடக்கூட நகல் வேலை மலையாகக் குவியும். உங்களுக்கு வேகமாக ஓடுவது சிபைதான் (நாம் வழக்கமாகப் போடும் பைதான்) 2.4-இலிருந்து செய்துவரும் ஒரு சலுகை: அந்த ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால், அதையே நீட்டிப் பார்க்கிறது. ஃபங்ஷனுக்குள் உள்ள சாதாரண வேரியபிளுக்கு இது கிடைக்கும். நாளைக்கே அந்த வரியை ஒரு கிளாஸின் அட்ரிபியூட்டாக மாற்றினால் கிடைக்காது. பைபை போன்ற வேறு பைதான்களிலும் கிடைக்காது. இதை நம்பாதீர்கள் என்று பெப் 8 என்ற பைதான் எழுத்துநடை விதித்தொகுப்பே சொல்கிறது. வரிகளை லிஸ்டில் அப்பெண்ட் செய்து, கடைசியில் "".ஜாயின்(வரிகள்) என்று ஒரே முறை சேருங்கள்.

கேள்வி: "கௌரி" என்ற பெயர் டிக்ஷனரியில் இரண்டு முறை வருகிறது. ஒரே சாவி எப்படி இரண்டு முறை இருக்கும்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஒரே சாவி இல்லை. ஒன்றை ஔகாரக் குறி போட்டுச் சரியாக அடித்திருக்கிறார்கள், மற்றதில் ஒற்றைக்கொம்பு, க, பிறகு ளகரம் போட்டு "கெளரி" என்று அடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் லென் பாருங்கள்: 4, 5. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் இங்கே உதவாது. "கோ" போன்றவை கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தால் அதை நார்மலைஸின் என்எஃப்சி முறை ஒன்றாக்கும், ளகரத்தை அது ளகரம் என்றே நம்பும். அதற்காக ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடவும் கூடாது. "வெள்ளை", "தெளிவு" எல்லாம் சிதைந்துபோகும். கெளரி, மெளலி, செளந்தரம் என்று தவறாக வரும் பெயர்களை மட்டும் ஒரு டிக்ஷனரியில் எழுதி, ஒவ்வொன்றையும் முழுப்பெயராக மாற்றுங்கள். டிக்ஷனரியில் போட்ட பிறகு சாவியைத் திருத்த முடியாது, அதனால் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.