ஊர் சுத்தம்: ஆரம்ப உற்சாகம் வடிந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: ஊர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் கிராமத்தைச் சுத்தம் செய்தோம். முதலில் ஊரே திரண்டு வந்தது. இப்போது நாலைந்து பேர்தான் வருகிறார்கள். கிராமத்தைத் தொடர்ந்து சுத்தமாகவும் அழகாகவும் வைத்துக்கொள்ள என்ன வழி?

பதில்:

நாலைந்து பேர் இன்னும் வருகிறார்கள் என்றால் அது நல்ல செய்தி. இதே மாதிரி ஒரு குழுவில் பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீண்ட காலம் நீடிக்கும் குழுக்கள் எல்லாமே அப்படிப்பட்ட ஒரு சின்ன கூட்டத்தால்தான் ஓடுகின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விடுங்கள். இன்று சுத்தம் செய்த இடத்தை அடுத்த வாரம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் இப்போதைக்குக் கை வைக்கவே வேண்டாம் என்பேன். ஊர் முழுவதையும் ஒரே நாளில் கூட்டிப் பெருக்குவதைவிட, ஒரு தெருமுனையை ஒரு வருடம் சுத்தமாக வைத்திருப்பது பெரிய வேலை.

குப்பை ஊரெங்கும் ஒரே மாதிரி சேர்வதில்லை, கவனித்துப் பாருங்கள். யார் வீட்டு வாசலுக்கும் நேரே வராத ஒரு திருப்பம், பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் பக்கச் சுவர், பேருந்து நிறுத்தத்தின் பின்புறம், சின்னப் பாலத்தின் அடி. 'இது நம்முடையது' என்று சொல்ல ஆள் இல்லாத இடங்கள் இவை. முதலில் ஒரு பை விழும். அப்புறம் அடுத்தவருக்கும் தயக்கம் போய்விடும். ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நிறுத்தி வைத்த கார்களின் கண்ணாடியில் துண்டுத்தாளைச் செருகிவிட்டு, திரும்பி வருபவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். தரை ஏற்கெனவே குப்பையாக இருந்தபோது கீழே போட்டவர்கள் அதிகம், சுத்தமாக இருந்தபோது குறைவு.

அதனால் ஒரு மூலையைச் சுத்தம் செய்தால் அன்றைக்கே அதற்கு ஒரு உபயோகம் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் நிறுத்தட்டும். இரண்டு கல்லைப் போட்டு மேலே பலகை வைத்தால் மாலையில் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். விளக்கு இல்லாத இடமென்றால் விளக்குக் கேட்டு உள்ளாட்சிக்கு மனு எழுதுங்கள். ஆள் நடமாட்டம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்ற பலகையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'இங்கேதான் எல்லோரும் கொட்டுகிறார்கள்' என்று புதிதாக வருபவருக்கும் அது சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான ஊர்களில் உழைப்பு வீணாவது அங்கேதான். ஆட்கள் இறங்கி மண்வெட்டியால் சேற்றை அள்ளுகிறார்கள். கறுப்பான, நாற்றமடிக்கும் சேறு. பாலித்தீன் பைகளும் துணிக் கிழிசலும் பின்னிப் பிணைந்து வேர் மாதிரி வரும். அள்ளியதை அப்படியே கரையில் குவித்துவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மழை பெய்தால் குவியல் கரைந்து மறுபடியும் உள்ளே இறங்கிவிடும். சேறு வடிந்து காய இரண்டு மூன்று நாள் விடலாம், அதற்கு மேல் விடக் கூடாது. அள்ளுவதற்கு ஆள் சேர்க்கும்போதே அதை ஏற்றிக்கொண்டு போக வண்டிக்கும் சொல்லி வையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று, எப்போதும் தண்ணீர் போய்ச் சேரும் பள்ளமான பக்கத்தில் ஆரம்பித்து மேட்டை நோக்கி வாருங்கள். கீழே அடைத்திருக்கும்போது மேலே எவ்வளவு அள்ளினாலும் தண்ணீர் அங்கேயேதான் நிற்கும்.

குப்பை சேகரிப்பதும் இதே கதைதான். சேகரிப்பது எளிது, எடுத்ததை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. மேகாலயாவின் மாவ்லின்னாங் கிராமத்தை 2003-இல் ஒரு பயண இதழ் ஆசியாவிலேயே மிகச் சுத்தமான கிராமம் என்று எழுதியது. அங்கே வீதியெங்கும் தொங்கும் மூங்கில் கூடைகளைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் அதைவிட முக்கியமாக நினைப்பது, மக்கும் குப்பை குழிக்குப் போய் உரமாகி மண்ணுக்கே திரும்புகிற ஏற்பாட்டை. ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரித்து உரமாக்கத் தொடங்கினால், தெருவுக்கு வரும் குப்பையின் எடையும் நாற்றமும் சட்டென்று குறையும். மிஞ்சும் காய்ந்த குப்பையைப் பல நாள் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பலாம். தயவுசெய்து எரிக்காதீர்கள். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரித்தால் டயாக்சின் போன்ற நச்சுகள் உருவாகின்றன. கண்ணுக்குத் தெரியும் குப்பையைக் குழந்தைகளின் நுரையீரலுக்கு அனுப்புவதைச் சுத்தம் என்று என்னால் ஏற்க முடியாது.

அழகு என்றதும் பெயிண்டும் பூச்செடியும்தான் நினைவுக்கு வருகின்றன. எதை வைத்தாலும் அதைப் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூறு கன்று நட்டுப் பத்து பிழைப்பதைவிட, பத்து நட்டுப் பத்தும் பிழைப்பது எவ்வளவோ மேல். அந்த மண்ணில் தானாக வளரும் மரமாக எடுங்கள், மழை தொடங்கும்போது நடுங்கள், ஒவ்வொரு கன்றையும் எதிரில் இருக்கும் வீட்டின் பொறுப்பில் விடுங்கள்.

தென்கொரியாவின் 'செமாவுல்' என்ற கிராம முன்னேற்ற இயக்கத்தைப் படித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. 1970-இல் அரசு 33,000-க்கும் அதிகமான கிராமங்களுக்குத் தலா 335 மூட்டை சிமெண்ட் கொடுத்தது. அதை ஊரின் பொதுவேலைக்குத்தான் பயன்படுத்த வேண்டும், எந்த வேலை என்பதை ஊரே கூடி முடிவு செய்யலாம். ஏறக்குறைய பாதி ஊர்கள்தான் அதை நன்றாகப் பயன்படுத்தின. அடுத்த முறை அந்த ஊர்களுக்கு மட்டும் 500 மூட்டை சிமெண்டும் ஒரு டன் இரும்புக் கம்பியும் கிடைத்தன. உழைத்தவர்களுக்கு அடுத்த உதவி என்ற அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே இயக்கத்தில் ஊர் நவீனமாகத் தெரிய வேண்டும் என்று கூரை வீடுகளை அவசர அவசரமாக மாற்றினார்கள். மேலிருந்து நெருக்கடியும் இருந்தது. அப்போது போட்ட, உடலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை அகற்றுவது பின்னாளில் தனிப் பிரச்சினையாகிவிட்டது. பார்வைக்காக மட்டும் செய்வது இப்படித்தான் திருப்பி அடிக்கும்.

அயர்லாந்தில் 1958-இல் 52 ஊர்களுடன் தொடங்கிய 'டைடி டவுன்ஸ்' (சுத்தமான ஊர்கள்) போட்டி இன்றும் நடக்கிறது. நடுவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்து, தலைப்பு வாரியாக மதிப்பெண் போட்டு, ஊருக்கு ஓர் அறிக்கையும் எழுதித் தருகிறார்கள். போன வருட மதிப்பெண்ணோடு இந்த வருடத்தை ஊர் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்தப் பழக்கத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை வருடம் ஒருமுறை வரச் சொல்லி, சுற்றிக் காட்டாமல் தனியாக நடந்து பார்க்கவிட்டு, கண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். தினமும் பார்ப்பதால் நம் கண்ணுக்குப் பழகிப்போனவை எல்லாம் அதில் வரும்.

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். ருவாண்டாவில் 'உமுகாண்டா' என்ற பொதுவேலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் நடக்கிறது. வேலை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து ஊர் விஷயம் பேசுகிறார்கள். அங்கே அது சட்டப்படி கட்டாயம், நமக்கு அது வேண்டாம். ஆனால் மாறாத நாளும், வேலைக்குப் பிறகு பேச்சும் என்ற அமைப்பு அருமையானது. வாட்ஸ்அப்பில் 'இந்த வாரம் எப்போது வசதி?' என்று கேட்கத் தொடங்கினாலே ஆள் குறையும்.

ஒத்துழைக்காதவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பொதுச்சொத்தை ஊரார் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், நீடித்த ஏற்பாடுகளில் சில பொதுவான அம்சங்களைக் கண்டார். பயன்படுத்துபவர்களே விதியை வகுக்கிறார்கள், அவர்களே கண்காணிக்கிறார்கள், மீறினால் தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகிறது. எடுத்த எடுப்பில் அபராதம் போட்டுவிட்டால் பகைதான் வளரும். முதல் தடவை வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுங்கள். பல சமயம் காரணம் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: அந்தத் தெருவுக்கு வண்டி வருவதில்லை, அல்லது அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் வருகிறது.

கடைசியாக ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சேற்றில் இறங்கும் வேலை எப்போதும் ஒரே ஆட்களின் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். தினமும் வாசலையும் தெருவையும் கூட்டும் பெண்கள் முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டும் சரியில்லாத ஊரில் மற்றவர்கள் பொறுப்பைத் தங்களுடையதாக நினைக்கவே மாட்டார்கள். முறை வைத்து எல்லோரும் இறங்கட்டும், குழுத் தலைவரும்தான். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். பணம் கையில் வந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

உங்கள் ஊரில் இப்போது எந்த இடத்தை எடுத்திருக்கிறீர்கள், அதன் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பின்னூட்டத்தில் எழுதினால், எங்கே ஆரம்பிக்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.