செம்மறியின் கண்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துப் பலிபீட ஓவியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழைய படங்களில், பீடத்தின்மேல் நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகம் சாந்தமாக இருக்கிறது. சீரமைத்த பிறகு மனித முகம் மாதிரி ஆகி, நம்மை முறைக்கிறது. இத்தனை வருடம் உழைத்து இப்படிக் கெடுத்துவிட்டார்களே! பலியாட்டுக்குச் சாதுவான முகம்தானே பொருத்தம்?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் புதியது என்று நினைக்கும் முகம்தான் பழையது. 1432-ல் ஓவியர் யான் வான் எய்க் முடித்துக்கொடுத்த முகம் அது. உங்களுக்குப் பிடித்த சாந்த முகம், நூறு வருடம் கழித்து 16-ஆம் நூற்றாண்டில் வேறு யாரோ அதன்மேல் பூசியது.

பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிக் காதுகளை எண்ணிப் பாருங்கள். நான்கு இருக்கும். 1950களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் தலையைச் சுற்றியிருந்த பச்சைப் பூச்சைக் கொஞ்சம் எடுத்தார்கள். அடியிலிருந்த அசல் காதுகள் வெளியே வந்துவிட்டன. மேலே பூசிய காதுகளும் அப்படியே இருந்தன. அறுபது வருடத்துக்கு மேல் அந்த ஆடு நான்கு காதுகளோடுதான் நின்றது.

2012-ல் தொடங்கிய சீரமைப்பில் புதிதாக முகம் எதையும் வரையவில்லை. நுண்ணோக்கிக்கு அடியில், மேற்பூச்சைக் கரைப்பானால் இளக்கி, சிறு கத்தியால் இம்மி இம்மியாக எடுத்தார்கள். 2020 ஜனவரியில் ஓவியப் பலகைகள் கெண்டிலுள்ள புனித பாவோ பேராலயத்துக்குத் திரும்பின.

சரி, முறைப்புக்கு வருகிறேன். ஆட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில்தான் இருக்கும். கம்பளியைச் சுருள் சுருளாகப் பார்த்து வரைந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் கண்களை முன்னால் கொண்டுவந்தார். ஓவியத்தில் அந்த ஆடு நிற்கும் பீடத்தின் முகப்பில் லத்தீனில் எழுதியிருப்பது, நம் ஊர்த் திருப்பலியிலும் கேட்கிற அதே வார்த்தைகள்: ‘இதோ, இறைவனின் செம்மறி’. நெஞ்சுக் காயத்திலிருந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டு கிண்ணத்தில் விழுகிறது. ஆனாலும் அது சாயவில்லை. நான்கு காலிலும் நிற்கிறது. கழுத்தில் கத்தி இறங்குவது தெரியாமல் தலையாட்டும் ஆடு இல்லை இது. தெரிந்து, சம்மதித்து வந்து நிற்கும் கிறிஸ்து. அந்தப் பார்வை இல்லாவிட்டால் சம்மதம் எங்கே தெரியும்? மேலே பூசியவர்கள் அழித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை பார்த்தபோது நானும் திடுக்கிட்டேன். அடுத்த முறை முகத்தை முதலில் பார்க்காதீர்கள். கிண்ணத்திலிருந்து ஆரம்பித்து, ரத்தத் தாரை வழியாக மேலே போய், அப்புறம் கண்களுக்கு வாருங்கள். எனக்கு அந்தப் பார்வை அப்படித்தான் பழகியது.