கொல்லைப்புறக் கேள்விகள்: தையில் ஊன்றிய அவரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எங்கள் ஆயா கொடுத்த விதை" என்றுதான் தொடங்குகின்றன. படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷம். சேலத்துக்காரர்களுக்கும் ஏற்காட்டுக்காரர்களுக்கும் பயன்படுகிற ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

அக்கா, ஆயா வைத்திருந்த பந்தல் அவரை விதையைப் பொங்கல் முடிந்ததும் மொட்டைமாடியில் பெரிய தொட்டியில் ஊன்றினேன். கொடி பந்தல் முழுக்க அடைத்துவிட்டது, நாலு மாசமாகியும் ஒரு பூ இல்லை. விதை கெட்டுப்போனதா? உரம் போதவில்லையா?
(வாசகி, அம்மாப்பேட்டை)

விதை நன்றாகத்தான் இருக்கிறது. உரத்தை மட்டும் தயவுசெய்து இன்னும் போடாதீர்கள், இலைதான் பெருக்கும். உங்கள் ஆயாவின் அவரை ஆடிப்பட்டத்து அவரை. பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். நம் சேலத்தில் ஆனி மாசத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் மொத்தமே 80 நிமிடம் போலத்தான், நமக்கு அது தெரிவதுகூட இல்லை, ஆனால் அந்தக் கொடி அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆடியில் போட்டால் ஐப்பசி வரைக்கும் படர்ந்து, கார்த்திகை மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, மாசி வரைக்கும் காய் தரும். நீங்கள் தையில் போட்டதால் அது வளர வளரப் பகலும் நீண்டுகொண்டே போய்விட்டது, அவ்வளவுதான்.

கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பாதிக்கு வெட்டிவிட்டு, தொட்டியில் சருகு மூடாக்குப் போட்டு, வெயில் காலம் முழுக்கத் தண்ணீர் மட்டும் விடாமல் ஊற்றிக் காப்பாற்றுங்கள், வேர் பிழைத்திருந்தால் ஐப்பசிக்கு மேல் பூக்கும். கையில் இன்னும் நாலு விதை இருந்தால் ஆடியில் தனியாக ஊன்றிவிடுங்கள். தெருவிளக்கு வெளிச்சம் மாடியில் விழுகிறதா என்றும் பாருங்கள், ராத்திரி முழுக்க வெளிச்சம் பட்டால் இந்த மாதிரிக் கொடிகளுக்குக் குழப்பம்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் சாமந்தி சீக்கிரம் பூத்துவிடாமல் இருக்க ராத்திரியில் பல்பு எரியவிடுவது இதனால்தான். சிறகு அவரைக்கும் இதே குணம். எந்தப் பட்டத்திலும் காய்க்க வேண்டுமென்றால் கொடி படராத குத்து அவரை போடலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ' ரகங்களில் பல அப்படிப்பட்டவை. ஆனால் பந்தல் அவரையின் வாசனையும் அந்தச் சதைப்பற்றும் அதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஓரத்தில் ஊதாக் கோடு போட்ட ஒரு அவரை இருந்தது. பூக்கவில்லை என்று ஒரு வைகாசியில் நானே வெட்டிப் போட்டேன், விதை வேறு யாரிடமும் இல்லை. இன்று வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் காய்த்ததும் முதல் காரியமாக மூன்று வீட்டுக்கு விதை கொடுத்து வையுங்கள்.

போன வருஷம் எடுத்து வைத்த நாட்டுப் பீர்க்கன் விதை, இந்த வருஷம் ஒரு கொடியில் மட்டும் காய் கசக்கிறது. மற்ற கொடிகள் சரியாக இருக்கின்றன. கசப்பைச் சமைத்துப் போக்கலாமா?
(வாசகர், வாழப்பாடி)

வேண்டவே வேண்டாம். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற பொருளால் வருவது, வேகவைத்தாலும் போகாது, சாப்பிட்டால் வாந்தி பேதி வரைக்கும் கொண்டுபோகும். சுரைக்காய்க்கும் இதேதான். ஒரு துண்டு நறுக்கி நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள், கசந்தால் காயோடு தூக்கிப்போடுங்கள்.

உங்கள் வேலியோரம் பேய்ப்பீர்க்கு (தானாக முளைக்கிற கசப்புப் பீர்க்கு) படர்ந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். இரண்டும் ஒரே இனம், பூச்சி மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இப்படிக் கலந்தால் அந்த வருஷத்துக் காய் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியுடையது. கலப்பு இருப்பது உள்ளே விதையில், அது அடுத்த வருஷம் முளைத்துக் காய்த்தால்தான் தெரியும். பலர் "விதை கெட்டுவிட்டது" என்று சொல்வது இதைத்தான்.

கசந்த கொடியை வேரோடு எடுங்கள். மிச்சமுள்ள நல்ல கொடியில் விதைக்கென்று இரண்டே காயை நீங்களே சேர்த்து வையுங்கள். பீர்க்கு சாயங்காலம் பூப்பது. மத்தியானமே, மறுநாளைக்கு அல்ல, அன்றைக்கு விரியப்போகிற பெண் மொட்டு ஒன்றையும் (அடியில் குட்டிக் காய் இருக்கும்) ஆண் மொட்டு ஒன்றையும் பூக்கட்டும் நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஆறு ஏழு மணிக்கு நூலை அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடியும் கட்டுங்கள். அந்தக் காம்பில் ஒரு சிவப்புத் துணி. சுரைக்கும் இதே சாயங்கால நேரம்தான், பூசணிக்கும் பரங்கிக்கும் மட்டும் விடியற்காலை. காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும், அதுவரை பறிக்காதீர்கள். சுரையும் பீர்க்கும் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடுமா என்று சிலர் பயப்படுகிறார்கள், கலக்காது, வேறு வேறு இனம்.

அம்மா வைத்த பழைய கனகாம்பரத்தில் விதை உதிர்ந்து தானாகவே முளைக்கிறது. நர்சரியில் வாங்கிய டெல்லி கனகாம்பரத்தில் இரண்டு வருஷமாக ஒரு விதைகூட இல்லையே?
(வாசகி, பனமரத்துப்பட்டி)

பூ ஊரிலிருந்து கேள்வி வந்திருக்கிறது! டெல்லி கனகாம்பரத்துக்கு மும்மடி குரோமோசோம், அதாவது வழக்கமான இரண்டு தொகுப்புக்குப் பதில் மூன்று, அதனால் விதை பிடிக்காது. நுனிக் கிளையை ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் நிழலில் ஊன்றினால் வேர் விடும். அதைப் பெருக்க அந்த வழிதான்.

அம்மாவின் கனகாம்பரத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கதிர் காய்ந்து பழுப்பானதும், மழை வருவதற்கு முன்னால் கிள்ளி எடுத்துவிட வேண்டும், ஒரு துளி தண்ணீர் பட்டாலே காய் படீரென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். டிசம்பர் பூவும் இப்படித்தான். காய்ந்த கதிர்களை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்த கையோடு மெல்லிய துணியால் மூடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்தச் சடசட சத்தம் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். விதையை நிழலில் உலர்த்திச் சீக்கிரமே விதைத்துவிடுவது நல்லது. செடி வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி வைத்துவிட்டு அப்புறம் கனகாம்பரத்துக்கு வாருங்கள்.

ஏற்காட்டில் எங்கள் பாட்டி காலத்து டேலியா, மஞ்சளும் சிவப்பும் கலந்தது. விதை எடுத்துப் போட்டேன், பத்துச் செடியும் பத்து நிறம். அந்தப் பழைய பூ திரும்ப வருமா?
(வாசகி, ஏற்காடு)

விதையில் வராது, கிழங்கில்தான் வரும். தாய்ச்செடி இன்னும் உயிரோடு இருந்தால் கவலையே இல்லை. தண்டு பட்டுப்போனதும் மண்வெட்டி படாமல் அகலமாகத் தோண்டி எடுங்கள், விட்டுவைத்தால் உங்கள் ஊர் மழைக்கு அழுகிப்போகும். மண்ணை உதறி, ஓரிரு நாள் நிழலில் ஆறவைத்து, உலர்ந்த மணலிலோ தேங்காய் நார்த்தூளிலோ புதைத்து வையுங்கள். பிரித்து நடும்போது ஒவ்வொரு கிழங்கோடும் பழைய தண்டின் அடிப்பகுதி கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும், கண் இருப்பது அங்கேதான். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ, ஆனாலும் உங்கள் பாட்டி கைப்பட வளர்த்துக் காப்பாற்றிய பூவை நம்ம ஊர்ப் பூவாகத்தான் நான் நினைக்கிறேன். சிலர் இதற்கு சண்டைக்கே வருவார்கள், அப்படிப் பார்த்தால் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே.

நாட்டுக் கத்திரி, தக்காளி விதையை எப்படி எடுத்து எத்தனை வருஷம் வைக்கலாம்? கடையில் வாங்கிய தக்காளியில் எடுத்தால் ஆகாதா?
(வாசகர், சூரமங்கலம்)

கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டுரகம் (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது), விதை முளைக்கும், ஆனால் காய் தாய் மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது. நாட்டுத் தக்காளியில் நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்க வைத்து, வழவழப்பு போனதும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கத்திரியைச் செடியிலேயே மஞ்சளாகும் வரை விட வேண்டும். முக்கியமாக, முதலில் காய்த்த நல்ல செடியில் ஆரம்பத்திலேயே விதைக்காயைக் குறித்துவிடுங்கள், எல்லாம் சமைத்து முடித்துக் கடைசியில் மிஞ்சுகிற சூம்பிய காயை விதைக்கு விடும் பழக்கம்தான் பல நல்ல ரகங்களை வீணடித்தது.

சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில், பெயரும் மாசமும் எழுதிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் இவை மூன்று வருஷம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஆடிக்கு இரண்டு வாரம் முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஏழு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம், நாலுதான் முளைத்தது என்றால் குழிக்கு இரட்டிப்பாகப் போட்டு, அந்த வருஷமே புது விதை எடுத்துவிடுங்கள்.