டயாலிசிஸுக்கு லீவு கிடையாது

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. செவ்வாய், வியாழன், சனி என்று ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். பக்கத்து பெட்காரருக்குக் கொரோனா என்றதும் வீடே கதிகலங்கிவிட்டது. "ரெண்டு வாரம் போக வேணாம், கபசுரக் குடிநீரும் இளநீரும் குடிச்சாப் போதும்" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
- வாசகி, ஏற்காடு

பதில்: பெற்ற மனம், பயப்படத்தான் செய்யும். ஆனால் இந்த யோசனையை மட்டும் கேட்டுவிடாதீர்கள். சனி முடிந்து செவ்வாய் வரை விழுகிற இடைவெளிதான் டயாலிசிஸ்காரர்களுக்கு வாரத்திலேயே ஆபத்தான நேரம். மாரடைப்பும் மூச்சுத்திணறலும் அந்த இடைவெளியின் முடிவில்தான் கூடுதலாக வருகின்றன. அப்படியிருக்க, இரண்டு வாரமா? கொரோனா வந்தாலும் வரும், வராமலும் போகும். டயாலிசிஸ் நின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியே தீரும்.

இளநீர் அந்தப் பொட்டாசியத்தை இன்னும் ஏற்றிவிடும். இதயத் துடிப்பே தடுமாறிப்போகும். காய்ச்சல்காரருக்கு வாங்கிவரும் சாத்துக்குடிச் சாறும் அதே ரகம். (பலா சீசனில் ஏற்காட்டுக்காரரிடம் இதைச் சொல்வது பாவம்தான், பலாச்சுளையும் அப்படியே.) 2020-ல் தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரும் வேண்டாம். சிறுநீரகம் கழிக்காத உடம்பில் எந்த மூலிகைச் சரக்கு எவ்வளவு தங்கும் என்று கணிக்க முடியாது. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்பதும் மற்றவர்களுக்குத்தான். இவருக்கு டாக்டர் சொன்ன அளவோடு சரி.

பஸ்ஸில் பனிக்காக ஷட்டரை இறக்கிவிடுவார்கள். இவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காரட்டும், ஷட்டர் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரமும் அது முகத்தில் இருக்கட்டும். பெட்டில் படுத்தபடி மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு பன், டீ என்று ஆரம்பிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் வம்பு. சாப்பாட்டை வெளியே முடித்துக்கொண்டு உள்ளே போகட்டும்.

காய்ச்சல் வந்தால் கிளம்பும் முன்பே டயாலிசிஸ் யூனிட்டுக்கு போன் செய்துவிடுங்கள். தனி பெட்டோ தனி ஷிஃப்ட்டோ ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கும். கழுத்தில் டியூப் வைத்தவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் குளிர் தூக்கிப்போட்டால், அது டியூப் வழியாக ரத்தத்தில் ஏறிய கிருமியாகவும் இருக்கலாம். கொரோனா டெஸ்ட் நெகட்டிவ் என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் என்ற வலி மாத்திரைகள் வேண்டாம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி, நன்றாக இருக்கும் நாளிலேயே ஆக்ஸிஜன் அளவைக் குறித்து வையுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகவே காட்டலாம். 94-க்குக் கீழே இறங்கினாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்; நுரையீரலில் நீர் கோத்திருந்தாலும் இப்படித்தான் முட்டும். கீழே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தடுப்பூசியில் உயிருள்ள கொரோனா வைரஸ் இல்லை, பயம் வேண்டாம். டயாலிசிஸ்காரர்களுக்கு அதன் பலன் சற்றுக் குறைவு என்பதால், அடுத்த டோஸ் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் இவருக்கு ஒத்துவருமா? அதற்கான திரவப் பைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஏதும் நடந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.