உங்கள் ஊரில் பேய் இருப்பதாகச் சொல்லப்பட்டு, இன்று இல்லாமல் போன இடம் எது?

எங்கள் பக்கம் பேய் பங்களா என்றால் ஒன்றுதான். கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சைப்ரஸ் வேலிக்குள் இருந்த பழைய எஸ்டேட் பங்களா. தகரக் கூரை, இரண்டு புகைபோக்கி, கண்ணாடி போட்ட வராந்தா. துரைமார் போனபின் சில மேனேஜர்கள் குடியிருந்தார்கள். அப்புறம் சொத்து வழக்கு, பூட்டு. பூட்டு தொங்கிய நாளிலிருந்துதான் பேய் குடிவந்தது.

கதை நீங்கள் கேட்டிருக்கக்கூடியதுதான். பிரசவத்தில் இறந்துபோன துரைசாணி, வெள்ளை கவுனோடு, பனி இறங்கினால் வராந்தாவில் நடப்பாள். கொலுசுச் சத்தம் கேட்டதாகக்கூட லயன் வீட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, பாட்டிகள் சொல்வார்கள். துரைசாணிக்கு ஏது கொலுசு என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

சத்தம் மட்டும் உண்மை, நானே கேட்டிருக்கிறேன். பகலெல்லாம் வெயிலில் விரிந்து கிடந்த தகரம், சாயங்காலம் குளிர் இறங்கியதும் சுருங்கும். ஆணிகள் இழுபட்டு டக், டக் என்று கூரையின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைவரை வரும். கீழே நின்று கேட்டால் தலைக்கு மேல் ஆள் நடப்பது மாதிரியேதான் இருக்கும். மச்சில் மரநாய்க் குடும்பம் ஒன்று வேறு. பக்கத்துக் காட்டில் கேளையாடு என்கிற சின்ன மான் சிறுத்தையை மோப்பம் பிடித்துவிட்டால் விடாமல் குரைக்கும். ஒரு பேய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு உறுத்துவது வேறு. நீலகிரியில் எந்தப் பேய்க் கதையை எடுத்தாலும் துரை, இல்லாவிட்டால் துரைசாணி. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சிறுமுகையிலிருந்து மலைக்குப் பாதை போட்டார்கள், அதுவும் கைதிகளை வைத்து. அந்தக் கைதிகளில் ஒருவர்கூட ஆவியாக வந்ததாக எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. பேயாக வருவதற்கும் சொந்த பங்களா வேண்டும் போலிருக்கிறது!

சரி, பங்களா எப்படிப் போனது? 2009 நவம்பர் மழை மலையில் இருப்பவர்களுக்கு மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, எங்கு பார்த்தாலும் மண்சரிவு. அந்த மழையில் பங்களாவின் பின்சுவர் சரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் பயமும் போய்விட்டது. முதலில் தேக்குக் கதவுகள் காணாமல் போயின. பிறகு தரைப்பலகை, கணப்பின் இரும்புக் கம்பிகள், கடைசியில் அந்தத் தகரமும் காயலான் கடைக்கு எடைக்குப் போனது. மிச்சத்தை ஜேசிபி ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய வீடும் பாழடைந்துதான் கிடந்தது. அதைச் சீரமைத்து நினைவகமாக்கிவிட்டார்கள். அங்கே சொல்ல ஒரு கலெக்டர் பெயர் இருந்தது. எங்கள் பங்களாவுக்குப் பெயரில்லாத துரைசாணிதான், அவளுக்காக யார் மனுப் போடுவார்கள்?

இப்போது அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான காட்டேஜ்கள். வாசலில் பூப்பெயரில் ஒரு போர்டு. பேருந்தில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் விழிப்பார். விவரம் சொன்னதும், "பேய் பங்களாதானே, அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கிழித்துக் கொடுப்பார்.